பசால்ட்டும் கேப்ரோவும் ஒரே பாறைன்னா ஏன் ரெண்டு பேரு?

உள்ள இருக்கற சரக்கு ஒண்ணுதான்னா ஒரே பேர்ல கூப்பிட வேண்டியதுதானேன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான். படிக்கும்போது எனக்கும் இது ரொம்ப நாள் பிடிபடல, லேப்ல ரெண்டு கல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த அன்னிக்குத்தான் புரிஞ்சுது. கேப்ரோவை லேசா திருப்பினா அங்கங்க பளிச் பளிச்னு மின்னுது, நாலஞ்சு மில்லிமீட்டர்ல சாம்பல் கலர்ல பிளஜியோகிளேஸ்ங்கற கனிமம், அதுக்கு நடுவுல கருப்பா பைராக்சீன்ங்கற கனிமம், வெறும் கண்ணாலயே பிரிச்சுச் சொல்லிடலாம். பசால்ட்டை எப்படித் திருப்பினாலும் ஒரே கருப்பு. ஆனா அதுக்குள்ளயும் முக்கியமா இருக்கறது அதே ரெண்டு கனிமம்தான்.

வித்தியாசம் ஆறுற வேகத்துல இருக்கு. மாக்மா, அதாவது பூமிக்குள்ள உருகிக் கிடக்கற பாறைக் குழம்பு, வெளிய வந்து லாவாவா ஓடினா சீக்கிரம் இறுகிடும், படிகம் வளர நேரம் கிடைக்காது, அது பசால்ட். அதே மாக்மா வெளிய வராம ஆழத்துலயே தங்கிட்டா மெதுவா, ரொம்ப மெதுவா ஆறும், படிகம் பெருசாகும், அது கேப்ரோ. ஜேம்ஸ் ஹால்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1798லயே இதை உலைல வச்சுக் காட்டிட்டார்: பசால்ட் வகைக் கல்லை உருக்கி வேகமா ஆறவிட்டா கண்ணாடி, மெதுவா ஆறவிட்டா திரும்பவும் படிகமுள்ள கல்லு! பசால்ட் தண்ணில படிஞ்சு உண்டானதுன்னு ஜெர்மனில வெர்னர்ங்கற புவியியல் பேராசிரியர் பாடம் நடத்திக்கிட்டிருந்த காலம் அது, அதான் இந்த சோதனை எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

பேர்க்கதையும் அங்கதான் வந்து சேருது. கேப்ரோங்கறது இத்தாலில டஸ்கனில ஒரு சின்ன ஊர். அந்தப் பேரைப் பாறையியல்ல நிலைக்க வச்ச லியோபோல்ட் வான் புக், வெர்னரோட மாணவர், பின்னாடி பிரான்ஸ்ல ஓவெர்ன் எரிமலைகளை நேர்ல பார்த்து குருவோட கருத்துலேர்ந்து விலகினவர். பசால்ட் அதைவிடப் பழைய சொல், லத்தீன்லேர்ந்து வந்தது, 1546ல அக்ரிகோலாங்கற ஜெர்மன் அறிஞர் சாக்சனில ஸ்டோல்பன் கோட்டை நிக்கற கருப்புத் தூண் பாறைக்கு அந்தப் பேரைப் பயன்படுத்தினார்.

வகைப்படுத்தறதும் இதே மாதிரிதான், கண்ணுக்குத் தெரியறதை வச்சு ஒரு வழி, தெரியாததுக்கு வேற வழி. கேப்ரோல எந்தக் கனிமம் எவ்ளோ சதவீதம்னு எண்ணிடலாம், அதோட பிளஜியோகிளேஸ்ல கால்சியம், சோடியம் ரெண்டையும் ஒப்பிட்டா கால்சியம் பங்கு 50 சதவீதத்துக்கு மேல இருந்தா கேப்ரோ, கீழ போனா டயோரைட்ங்கற வேற பாறை. பசால்ட்ல பல நேரம் அப்படி எண்ண முடியாது, அதனால வேதியியல் அளவு: சிலிக்கா 45லேர்ந்து 52 சதவீதம், சோடியம் பொட்டாசியம் ஆக்சைடு ரெண்டும் சேர்த்து 5க்குள்ள. ரெண்டுக்கும் நடுத்தரமான படிக அளவுல இருக்கறது டோலரைட்.

இந்த மூணையும் வரிசையா பார்க்கணும்னா கடல்தரையை வெட்டிப் பார்க்கணும், மேல பசால்ட், அடுத்து சுவர் சுவரா நிக்கற டோலரைட், அதுக்கும் கீழ கேப்ரோ, மொத்தம் ஒரு 6, 7 கிலோமீட்டர் தடிமன். சைப்ரஸ்ல ட்ரூடோஸ் மலைல இந்த அடுக்கு நிலத்துக்கு மேலயே தூக்கி நிக்குது.

ஆனா "ஒரே பாறை"ன்னு முழுசா நான் ஒத்துக்க மாட்டேன். மாக்மா அறைல முதல்ல உண்டான கனமான படிகங்கள் அடில தங்கிடும், மிச்சக் குழம்பு மேல ஏறிப் போயிடும், நிறைய கேப்ரோ அப்படி அடில தங்கின படிகக் குவியல்தான். அந்த மாதிரி கல்லை லேப்ல அரைச்சு அளந்து பசால்ட் அட்டவணைல பொருத்தப் பார்த்தா கணக்கு ஒத்து வராது.