வாசலில் நிற்கும் ‘எல்டர்’களிடம் என்ன கேட்பது?

கேள்வி: சேலம் அரிசிப்பாளையத்தில் நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர் அட்டையோடு இரண்டு பையன்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு அட்டையிலும் ‘எல்டர்’ என்றே இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் (வயது 19) அவர்களோடு நன்றாகப் பழகிவிட்டான். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிக்கலாமா என்கிறார்கள். சண்டை போடாமல் எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிப் பேசுவது? இதில் சேர்ந்தால் அமெரிக்க விசா நிச்சயம் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் 30,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள் அம்மா. காரணத்தைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

எல்டர் என்பது பெயர் இல்லை, மூப்பர் என்ற பட்டம். வருகிறவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். ஊரில் மார்மன் என்பார்கள். 2018 முதல் அந்தப் பெயர் வேண்டாம் என்று சபையே கேட்டுக்கொள்கிறது. 1830இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. யெகோவாவின் சாட்சிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காவற்கோபுரம் பத்திரிகை கொடுப்பதும், இரத்தம் ஏற்ற மறுப்பதும், கிறிஸ்துமஸ் கொண்டாடாததும் அவர்கள். அதையெல்லாம் இந்தப் பையன்களிடம் கேட்டால் பேச்சு முதல் நிமிஷத்திலேயே வீணாகிவிடும்.

வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் உள்ளே வரத் தயங்குவார்கள். அது அவர்களுடைய ஒழுங்கு, அவமரியாதை இல்லை. வீட்டுக்காரரோ மகனோ இருக்கும் நேரமாகப் பார்த்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஏற்காட்டுக் காப்பியை நுரை பொங்க ஆற்றி நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். காப்பி, டீ, மது, புகையிலை நான்கும் அவர்களுக்கு விலக்கு. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். அதில் காப்பித்தூள் இல்லை என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள், ‘சுக்குக் காப்பி’ என்றால் பெயரைக் கேட்டே தயங்குவார்கள்.

பேச்சில் பெரிய சிக்கல், இரு தரப்பும் ஒரே வார்த்தைகளைச் சொல்வதுதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பார்கள். நீங்களும் தந்தை, மகன், தூய ஆவியார் என்பீர்கள். ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. நமக்கு மூவரும் ஒரே கடவுள். அவர்களுக்கு நோக்கத்தில் ஒன்றுபட்ட மூன்று தனித்தனி ஆட்கள்; பிதாவுக்கும் சதையும் எலும்புமாக உடல் உண்டு என்பது அவர்கள் போதனை. பைபிளோடு மார்மன் புஸ்தகம், உபதேசமும் உடன்படிக்கைகளும், விலையுயர்ந்த முத்து என்று இன்னும் மூன்று நூல்களும் அவர்களுக்கு வேதம்.

பலதார மணத்தை இழுக்காதீர்கள். சபை அதை 1890லேயே கைவிட்டது. எத்தனையோ வீடுகளில் கேட்ட கேள்வி, பதில் தயாராக வைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, “எங்கள் திருமுழுக்கை உங்கள் சபை ஏற்குமா?” என்று கேளுங்கள். ஏற்காது என்பதுதான் நேர்மையான பதில். அப்போஸ்தலர்களுக்குப் பின் குருத்துவ அதிகாரம் உலகிலிருந்தே போய்விட்டது, 1829இல் ஜோசப் ஸ்மித் வழியாகத் திரும்பி வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த ஒரு பதிலில் வித்தியாசம் முழுவதும் வெளியே வந்துவிடும். மகனும் அதைக் காதால் கேட்பான்.

அடுத்து மார்மன் புஸ்தகத்தின் கடைசிப் பகுதியான மரோனி 10ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஜெபித்துப் பாருங்கள், மனதில் உறுதி வரும் என்பார்கள். ஜெபிக்க மறுக்க வேண்டாம். தேதிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மனதில் தோன்றும் நெகிழ்ச்சி ஒன்றே சான்று ஆகாது, படித்து முடிக்க ஆறு மாதம் வேண்டும் என்று மகனே சொல்லட்டும். ஆனால் அவன் வயது வந்தவன், நீங்கள் தடுத்து நிறுத்த முடியாது.

கத்தோலிக்கர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளின் ஞானஸ்நானத்தை நம் திருச்சபை ஏற்கிறது. இந்தச் சபையும் தண்ணீரில் முழுக்கி, தந்தை, மகன், ஆவி பெயரால்தான் கொடுக்கிறது. ஆனாலும் அது செல்லாது என்று வத்திக்கான் 2001 ஜூனில் அறிவித்தது; வார்த்தை ஒன்றானாலும் அவர்கள் சொல்லும் கடவுள் கொள்கை வேறு என்பதே காரணம். ஆகவே அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணை உங்கள் மகன் கோயிலில் மணக்க விரும்பினால், வேறு சபைக் கிறிஸ்தவரை மணப்பதற்கான கலப்புத் திருமண அனுமதி போதாது, திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயர் தரும் விதிவிலக்கே வேண்டும். மகன் அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தால் மறு திருமுழுக்கு வேண்டாம்; குழந்தையில் பெற்றது அழியாது. ஒப்புரவாகிச் சேரலாம். இதைப் பங்கு மறைக்கல்வியில் ஒரு ஞாயிறு சொல்லித்தந்தால் போதும், சொல்வதில்லை. திருமுழுக்குச் சான்றிதழ் ஒன்றுக்கே மூன்று ஞாயிறு அலைய வைக்கும் அலுவலகங்களுக்கு இதற்கு நேரம் ஏது?

இனி அந்த முன்பணம். ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது. இந்தப் பையன்களுக்கே சம்பளம் இல்லை. இரண்டு வருஷ ஊழியச் செலவைத் தாங்களோ குடும்பமோ போடுகிறார்கள். எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபைத் தலைமை தீர்மானிக்கும். புதிதாகச் சேர்ந்தவர் இந்த ஊழியத்துக்குப் போகக் குறைந்தது ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும்.

தரகர்கள் காட்டும் தூண்டில் ‘ஆர்-1’ என்ற மத ஊழியர் விசா. அதற்கு இரண்டு வருஷம் அந்தச் சபை உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான், இப்போதே சேருங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். மீதிப் பாதி இது: அமெரிக்காவில் உள்ள மத அமைப்பு தானே அங்கே மனுப் போட வேண்டும். சேலத்தில் உட்கார்ந்திருக்கும் தரகர் போட முடியாது. மேலும் இந்தச் சபையில் உள்ளூர்ப் போதகர்களுக்குச் சம்பளமே இல்லை. எந்த வேலைக்கு ஆள் கேட்பார்கள்?

30,000 என்ற எண்ணையும் கவனியுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டண உச்சவரம்பு அது, ஜி.எஸ்.டி. தனி. அதற்கும் உண்மையான வேலை, ஒப்பந்தம், ரசீது மூன்றும் வேண்டும். சட்டப்படிதான் கேட்கிறோம் என்று காட்டிக்கொள்ள வசதியான தொகை. உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எண் தர மாட்டார்.

ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் பிரதி எடுத்து மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். ‘கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்க’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏமாந்தவரையே அலையவிடும் வழக்கம் இது. மனு ஏற்பு ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். மகனின் பாஸ்போர்ட் அந்தத் தரகரிடம் இருந்தால், புகாருக்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.