சினைப்பன்றிக்கு எந்தச் சத்து, எப்போது? நிபோங் திபால் வட்டார வளர்ப்போருக்குப் பதில்கள்

பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப், வால்டோர் பக்கம் பன்றி வளர்ப்பவர்களும் பண்ணைகளில் வேலை செய்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலோர் கேட்டது "எந்த டானிக் நல்லது?" என்றுதான். எந்தச் சத்து தாய் வழியாகக் குட்டிக்குப் போகும், எது போகாது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு நிறைய குறையும்.

மருமகளுக்குக் கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மீதம் இருக்கிறது. சினைப்பன்றிக்குக் கொடுத்தால் குட்டிகள் ரத்தச்சோகை இல்லாமல் பிறக்குமா? (கலிடோனியா தோட்டத்து அக்கா)

குட்டிக்குப் போய்ச் சேராது அக்கா. தாய்க்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் நஞ்சுக்கொடி வழியாக மிகக் கொஞ்சம்தான் இறங்கும். பாலிலும் ஏறாது. பிறக்கும்போது ஒரு குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அது வளர ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமாவது வேண்டும். பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவுதான். லயத்துக்குப் பின்னால் அவிழ்த்துவிட்டு வளர்த்த காலத்தில் குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்று அந்தக் குறையை ஈடுகட்டின. சிமெண்டுத் தரையில் பிறக்கும் குட்டிக்கு அந்த வழி இல்லை. இரண்டு, மூன்று வாரத்தில் காது வெளுக்கும், மூச்சு வாங்கும். அதனால் குட்டி பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் கழுத்துத் தசையில் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி போடுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய்க்கு வைட்டமின் ஈயும் செலினியமும் குறைவாக இருந்திருந்தால், இதே இரும்பு ஊசி குட்டியைக் கொல்லவும் கூடும். நல்ல கொழுகொழு குட்டிகள் ஊசி போட்ட பிறகு திடீரென்று செத்து விழுந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். இந்த இரண்டு சத்தும் தாய் தின்றால் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். தாய்க்குக் கொடுக்க வேண்டியவை இவைதான். ஆனால் செலினியத்தைக் கைக்கணக்கில் அள்ளிப் போடக் கூடாது. ஒரு கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் போதும். மிஞ்சினால் முடி கொட்டும், குளம்பு பிளக்கும். உங்கள் ப்ரீமிக்ஸ் (வைட்டமின், தாது உப்புக் கலவை) மூட்டையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சினை பிடித்த நாளிலிருந்தே தீவனத்தைக் கூட்டி, டானிக்கும் ஊற்றச் சொல்கிறார் தவுக்கே (முதலாளி). சரியா அண்ணே? (வால்டோர் பண்ணைத் தம்பி)

சரியில்லை தம்பி. சினைக்காலம் 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 கிலோ போதும். போன ஈற்றில் பால் கொடுத்து மெலிந்துபோன பன்றிக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தாமலே தட்டுப்பட்டால் மெலிவு, அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுப்பு. கொழுத்த பன்றி குட்டி போடச் சிரமப்படும். அதைவிட மோசம், குட்டி போட்ட பிறகு அது சரியாகத் தின்னாது, அதனால் பாலும் குறைந்துவிடும்.

வயிற்றுக்குள் குட்டிகள் வேகமாக எடை போடுவது கடைசி ஒரு மாதத்தில்தான். அப்போது அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கூட்டுங்கள். குட்டி போடும் நாள் நெருங்கியதும் ஒரே வேளையாகப் போடாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பசியோடு பிரசவிக்கும் பன்றிக்கு நேரம் இழுக்கும், கடைசியில் வரும் குட்டிகள் செத்துப் பிறக்கும். பால் கொடுக்கும் காலத்தில் படிப்படியாக 5, 6 கிலோவுக்கு மேல் கொண்டு போக வேண்டும். நம் ஊர் வெயிலில் பகலில் அது தின்னாது. விடியற்காலையிலும் இரவிலும் போடுங்கள்.

டானிக் விஷயம்: மூட்டைத் தீவனம் மட்டும் போடும் பண்ணைக்கு அது தேவையே இல்லை. தவிடு, தௌஃபூ சக்கை, மரவள்ளி என்று சொந்தமாகக் கலப்பவர்கள்தான் ப்ரீமிக்ஸ் வாங்க வேண்டும். அவர்கள் சுண்ணாம்புத் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் சேர்க்க வேண்டும். தவிட்டில் கால்சியம் குறைவு. பால் கொடுத்து முடிக்கும் தாய்க்குப் பின்னங்கால் விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

குட்டிகள் மெலிந்து பிறந்து இரண்டு நாளில் செத்துவிடுகின்றன. செம்பனை எண்ணெய் கலந்து கொடுத்தால் தெம்பு வருமா? (ஜாவி)

இது நல்ல யோசனை. கடைசிப் பத்து நாள் தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் கலந்தால் சீம்பாலிலும் பாலிலும் கொழுப்பு ஏறும். பலவீனமான குட்டிகள் அதிகம் உள்ள பண்ணையில் பலன் தெரியும். ஏற்கெனவே நன்றாக இருக்கும் பண்ணையில் பெரிதாகத் தெரியாது. பொரித்து மிஞ்சிய, காறல் வாடை வரும் எண்ணெய் வேண்டாம். அது தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயை அழித்துவிடும்.

அதோடு, எண்ணெயை மட்டும் நம்பாதீர்கள். பன்றிக்கு வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு இறங்குவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான். அதையும் குட்டியின் குடல் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் உறிஞ்சும். ஒவ்வொரு குட்டியும் முதல் நாளில் 200 முதல் 250 மில்லியாவது குடித்தாக வேண்டும். நிறைய குட்டிகள் இருந்தால் பெரியவற்றை ஒரு மணி நேரம் கூடையில் போட்டு வைத்து, சின்னவற்றை முதலில் குடிக்க விடுங்கள். படுக்கும் மூலையில் 32, 34 டிகிரி சூடு வேண்டும். குளிர்ந்த குட்டி மடியைத் தேடிப் போகாது. பால் பவுடர் சீம்பாலுக்கு ஈடாகாது.

கன்னிப் பன்றிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்திருக்கிறது. பருவமும் இல்லை. வைட்டமின் குறைவா? (சுங்கை பாக்காப்)

வைட்டமின் இல்லை, சோளத்தைப் பாருங்கள். பூஞ்சை பிடித்த சோளத்தில் ஜியராலினோன் என்ற நச்சு உண்டாகும். அது பெண் ஹார்மோன் போல வேலை செய்யும்: பிறப்புறுப்பு வீங்கும், சினை நிற்காது, கால் விரிந்த குட்டிகள் பிறக்கும். உடனே அந்த மூட்டையை நிறுத்துங்கள், கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். நச்சை ஈர்த்துப் பிடிக்கும் தூள் ஓரளவுக்கு உதவும், ஆனால் கெட்ட சோளத்தை நல்லதாக்காது. மழைக்காலத்தில் மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

சினைப்பன்றிக்கு மலச்சிக்கல். கருவாட்டுத் தண்ணீர் கொடுத்தால் இளகும் என்கிறார்கள். (டிரான்ஸ்கிரியான்)

வேண்டவே வேண்டாம். தண்ணீர் குறைவாக உள்ள பன்றிக்கு உப்பு ஏறினால் கண் தெரியாமல் சுவரில் முட்டும், வலிப்பு வரும். கோதுமைத் தவிடும், பச்சையாகச் சர்க்கரைவள்ளிக் கொடியும் கொடுங்கள். குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பாருங்கள். சினையில் 15, 20 லிட்டர், பால் கொடுக்கும்போது 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும்.

சாப்பாட்டுக் கடை மிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. கொட்டில் பக்கத்து ஜம்பு மரத்திலும் பழம் கொட்டுகிறது. சத்துக்குப் போடலாமா? (பாரிட் புந்தார்)

இரண்டும் வேண்டாம் ஐயா. கடை மிச்சத்தில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று இருந்தாலே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வரலாம். 2021இல் சபாவில் அது உறுதியானது, பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. அதற்கு மருந்து கிடையாது. பழம் அதைவிடப் பெரிய விஷயம். 1998, 1999இல் நிப்பா வைரஸ் நோய் வந்தது வௌவாலிடமிருந்து. ஈப்போ பக்கம் பன்றிக் கொட்டிலை ஒட்டிப் பழமரங்கள் நின்ற பண்ணையில்தான் அது தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தொடவே கூடாது. கொட்டில் கூரைக்கு மேல் வரும் கிளைகளை இந்த வாரமே வெட்டிவிடுங்கள்.