கோணம் அளக்கும் முன் காரணம் கேளுங்கள்: கேத்திரகணிதக் கேள்வி பதில்

மலையகப் பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும் கோடு, கோணம் பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்லும் நான் ஹட்டன் பக்கம் கணிதம் கற்பிப்பவன்.

சேர், கோணத்தின் புயங்களை நீளமாக வரைந்தால் கோணமும் பெரிதாகுமா? (தரம் 6, பொகவந்தலாவை)

ஆகாது மகன். ஒரு புயம் மற்றதிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் கோணம். கைக்கடிகாரமானாலும் ஸ்டேஷன் கடிகாரமானாலும் மூன்று மணிக்கு முட்களுக்கு இடையே 90 பாகைதான்.

பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. 50 வர வேண்டிய இடத்தில் எனக்கு 130 வருகிறது. (தரம் 7, தலவாக்கலை)

இது எல்லா வகுப்பிலும் வரும் பிழை. 50உம் 130உம் சேர்ந்தால் 180. இரண்டும் பாகைமானியில் ஒரே கோட்டில் நிற்கும் எண்கள். அதனால் பாகைமானியை எடுக்கும் முன்பே கோணம் கூர்ங்கோணமா விரிகோணமா என்று முடிவு செய்துகொள். சந்தேகம் என்றால் கொப்பித் தாளின் மூலையை வைத்துப் பார். அந்த மூலைக்குள் அடங்கும் கோணத்துக்கு 130 என்ற விடை வரவே முடியாது.

அப்புறம் பாகைமானியின் நடுப்புள்ளியைக் கோணத்தின் உச்சியிலும் 0 கோட்டை ஒரு புயத்தின் மீதும் வை. அந்தப் புயத்தில் எந்த வரிசையின் 0 விழுகிறதோ, அந்த வரிசையிலேயே எண்ணிக்கொண்டு போ. இன்னொன்றையும் கவனி: பல பாகைமானிகளில் 0 கோட்டுக்குக் கீழே கொஞ்சம் பிளாஸ்டிக் மிச்சமிருக்கும். அந்த விளிம்பைப் புயத்தில் வைத்து அளந்தால் விடை சில பாகை தள்ளிப்போகும்.

குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று அளந்து பார்த்தேன், சரியாக வந்தது. பிறகு ஏன் நிறுவல் எழுதச் சொல்கிறார்கள்? (தரம் 8, பண்டாரவளை)

நீ அளந்தது ஒரு படத்தை. உலகத்தில் வரையக்கூடிய எல்லாப் படங்களையும் அளக்க முடியுமா? நிறுவலுக்கு மூன்று வரி போதும். இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் வரிசையாக அ, ஆ, இ என்று மூன்று கோணங்களைக் குறி. எதிரெதிரே நிற்கும் அ, இ இரண்டும்தான் குத்தெதிர்க் கோணங்கள். அ + ஆ = 180, நேர்கோட்டின் மேல் அடுத்துள்ள கோணங்கள் என்பதால். அதே காரணத்தால் ஆ + இ = 180. ஆகவே அ = இ. இனி எந்தப் படத்திலும் இதை அளக்க வேண்டியதில்லை.

ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம், நேயக் கோணம் மூன்றும் குழம்புகின்றன. (தரம் 9, மஸ்கெலியா)

முதலில் பெயர்களை மறந்துவிட்டுப் படத்தைப் பார். இரண்டு சமாந்தரக் கோடுகளை ஒரு குறுக்கோடி சாய்வாக வெட்டினால் எட்டுக் கோணங்கள் வரும். ஆனால் எட்டிலும் இரண்டே இரண்டு அளவுகள்தான். ஒன்று 68 என்றால் மற்றவை 68 அல்லது 112. கூர்ங்கோணங்கள் நான்கும் சமம், விரிகோணங்கள் நான்கும் சமம். இது மனதில் பதிந்தால் விடை தவறாது.

பெயர் என்பது நீ சொல்லும் காரணம். இரண்டு வெட்டுப்புள்ளிகளிலும் ஒரே நிலையில் இருப்பவை ஒத்த கோணங்கள். கோடுகளுக்கு உள்ளே, குறுக்கோடிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை ஒன்றுவிட்ட கோணங்கள். இவை இரண்டு வகையும் சமம். உள்ளே ஒரே பக்கத்தில் இருப்பவை நேயக் கோணங்கள். அவற்றின் கூட்டுத்தொகை 180. கோடுகள் சமாந்தரம் என்று தரப்படாமல் இவற்றில் எதையும் பயன்படுத்தாதே. படத்தில் சமாந்தரம் போலத் தெரிவது காரணம் ஆகாது.

இந்த ஒன்றுவிட்ட கோணத்தை வைத்துத்தான் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்தார். சூரியன் எகிப்தின் சையீன் நகருக்கு நேர் மேலே நின்ற நண்பகலில், அலெக்சாந்திரியாவில் செங்குத்துக்கும் சூரியக் கதிருக்கும் இடையே 7.2 பாகை இருந்தது. கதிர்கள் சமாந்தரம், சையீனில் விழும் கதிரை நீட்டினால் அது பூமியின் மையத்துக்கே போகும், அலெக்சாந்திரியாவின் செங்குத்தைப் பூமியின் மையம் வரை நீட்டினால் அது குறுக்கோடி. ஆகவே மையத்திலும் 7.2 பாகை. அது 360இல் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை 50ஆல் பெருக்கினார், அவ்வளவுதான். எனக்கு இதைச் சொல்லி அலுப்பதே இல்லை.

ரயில் தண்டவாளங்கள் சமாந்தரம் என்கிறீர்கள். நானுஓயாவில் நின்று பார்த்தால் தூரத்தில் சேர்கின்றனவே? (தரம் 8)

நல்ல கேள்வி மகள். நம் பாதையில் தண்டவாளங்களுக்கு இடைவெளி 1676 மில்லிமீற்றர். பாதை நேராக ஓடும் இடத்தில் நடுவே நிற்பதாக வைத்துக்கொள். 10 மீற்றர் தூரத்தில் அந்த இடைவெளி உன் கண்ணில் ஏறக்குறைய 9.6 பாகைக் கோணத்தை அமைக்கும். 100 மீற்றரில் அது 1 பாகைக்கும் சற்றுக் குறைவு. இடைவெளி குறையவில்லை, கோணம்தான் குறைகிறது. சிவனொளிபாத மலையின் நிழல் விடியற்காலையில் கூரான முக்கோணியாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: உச்சியில் நிற்பவருக்கு நீண்டு கிடக்கும் நிழலின் ஓரங்கள் தூரத்தில் ஒன்றை ஒன்று நெருங்குவதாகத் தோன்றும்.

அந்த ரயில் எத்தனை பாகை சரிவில் ஏறுகிறது சேர்? (அதே மாணவி)

மலைநாட்டுப் பாதையின் செங்குத்தான பகுதிகளில் 44க்கு 1. அதாவது 44 மீற்றர் போனால் 1 மீற்றர் ஏறும். ஏறக்குறைய 1.3 பாகைதான்! 22 சென்ரிமீற்றர் கோடு வரைந்து, அதன் முனையில் அரை சென்ரிமீற்றர் உயர்த்தி இணைத்துப் பார்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். மகள் கேத்திரகணிதம் என்றாலே அழுகிறாள். வீட்டில் நான் என்ன செய்யலாம்? (தாய், அப்புத்தளை)

நிறையச் செய்யலாம் அம்மா. ஒரு தாளை எடுத்து, விளிம்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மடிப்பு மடியுங்கள். அது நேர்கோடு. அந்த மடிப்பின் ஒரு பாதி மறு பாதியின் மேல் சரியாகப் படியும்படி இன்னொரு மடிப்பு. இப்போது மூலையில் இருப்பது செங்கோணம். “ஏன் இது 90?” என்று மகளைக் கேளுங்கள். நேர்கோட்டின் 180 இரண்டு சம பங்காகிவிட்டது என்று அவளே சொல்லட்டும். சொல்லாவிட்டால் தாளை விரித்து மறுபடி மடியுங்கள். 90ஐ மடித்தால் 45, அதை மடித்தால் 22.5. விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “ஏன்?” என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள், அது போதும்.