பிரசவத்துக்குப் பின் குளிர் நடுக்கம்

கேள்வி: சிசேரியன் செய்து ஒன்பது நாள். சீ.ஆர்.பி மூன்றாம் நாள் 96, ஆறாம் நாள் 31. வெண்குருதிக் கலம் 13,200, ஈ.எஸ்.ஆர் 68. கைபேசியில் தேடினால் இரத்தத்தில் கிருமி என்று போட்டிருக்கிறது. ஒரு பக்க மார்பும் கட்டியிருக்கு. இரண்டு இரவாகக் குளிர்ந்து நடுங்குது, பனடோல் போட்டால் நிற்குது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலினும் எடுக்கிறேன். எனக்கு ஏதும் ஆகிவிடுமா டொக்டர்?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முல்லைத்தீவோ மாங்குளமோ, எது கெதியில் போகலாமோ அங்கே. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

எண்களுக்காகச் சொல்லவில்லை. சீ.ஆர்.பி, ஈ.எஸ்.ஆர் இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைகள். வயிற்றைக் கீறினாலே சீ.ஆர்.பி ஏறும், கிருமி எதுவும் இல்லாமலே இரண்டாம், மூன்றாம் நாளில் 100ஐத் தாண்டும். உங்களுக்கு அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வெண்குருதிக் கலம் கர்ப்பத்திலேயே 15,000 வரை போகும், பிரசவ வலியில் 25,000 கூட வரும். ஈ.எஸ்.ஆர் எல்லாக் கர்ப்பிணிக்கும் உயரும். அதற்குக் கொடுத்த காசு வீண். கைபேசிக்கு நீங்கள் பிள்ளை பெற்றவர் என்று தெரியாது.

ஆனால் அந்த இரத்தம் ஆறாம் நாள் எடுத்தது. நடுக்கம் அதற்குப் பிறகு தொடங்கியிருக்கிறது. அதைப்பற்றி அந்தக் காகிதத்தில் ஒன்றும் இல்லை.

பல்லுக் கிட்ட, இரண்டு போர்வை போர்த்தும் அடங்காத நடுக்கம் என்றால், கருப்பையிலிருந்தோ தையலிலிருந்தோ மார்பிலிருந்தோ கிருமி இரத்தத்துக்குள் போகிறது என்று எடுத்துத்தான் நாங்கள் நடப்போம். பனடோல் சூட்டை மட்டும் இறக்கும். அதனால் வெப்பமானி 37 காட்டினாலும் நம்பாதீர்கள். படுத்திருந்தபடி ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 100க்கு மேலே ஓடினால், மூச்சு நிமிடத்துக்கு 20க்கு மேலே போனால், வயிறு நொந்தால், பிள்ளை பெற்றபின் கருப்பையிலிருந்து போகும் கழிவு நாறினால், போகிற இடத்தில் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

அமொக்சிசிலினை இப்பவே நிறுத்துங்கள். மார்பிலும் தையலிலும் வருகிற கிருமிகளில் பல அதற்கு மசியாது. அரைகுறையாக விழுங்கியதால் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் பொய்க்கலாம். எத்தனை குளிசை போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. வலிக்குப் போடும் டைக்குளோபினாக்கைத் தொடவே வேண்டாம், டெங்கு என்றால் அது இரத்தப்போக்கைக் கூட்டும். மழைக்காலத்தில் டெங்கும் இப்படித்தான் தொடங்கும், அதில் வெண்குருதிக் கலம் குறையும்.

பிள்ளை பெற்றவருக்கு வைக்கும் சரக்குக்கறி சாப்பிடுங்கள், தடையில்லை. நடுக்கத்துக்கு வேது பிடித்து இன்னொரு இரவைக் கடத்த வேண்டாம். ஏதும் ஆகிவிடுமா என்று கேட்டீர்கள். நேரத்தோடு நாளத்தில் மருந்து ஏற்றினால் பெரும்பாலும் சுகமாகும். பிந்தினால் மணித்தியாலக் கணக்கில் மோசமாகும்.

பிள்ளையையும் கொண்டு போங்கள், கட்டிய பக்கத்திலும் பால் கொடுக்கலாம். கிளினிக் கொப்பி, துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டபோது தந்த அட்டை, இரண்டு இரத்த றிப்போட், மிஞ்சிய குளிசை மட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும்.