பதில்: 2015 மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் கேம்பர் (வீடாக மாற்றிய வேன்), லண்டனில் வாங்கலாமா?
கொரோனா காலத்தில் ஆசையாக வேனை வீடாக்கியவர்களில் பலர் இப்போது விற்கிறார்கள். பேரம் பேச இடமுண்டு, அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் 2015 டீசல் யூரோ 5 (பழைய புகை வெளியீட்டுத் தரம்) ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் லண்டனுக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு யூலெஸ் (அதிகம் புகைவிடும் வண்டிகளுக்கான) கட்டணம். முதலில் பதிவெண்ணை டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து அமைப்பு) தளத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது எடை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சாமான்களோடு எடைமேடையில் ஏற்றச் சொல்லுங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. சுவரெல்லாம் பலகை அடிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அனுமதித்த உச்ச எடை (சாமான், ஆட்களோடு சேர்த்து) 3,500 கிலோவைத் தாண்டிய டீசல் வண்டிக்கு, 1997 முதல் எடுத்த சாதாரண கார் லைசென்ஸ் போதாது.

"லித்தியம் பேட்டரி இருக்கு" என்று விற்பவர் சொன்னது மட்டும் போதாது. ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) வெறும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) வழியாக இணைத்திருந்தால், பேட்டரி இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடலாம். நடுவில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (பேட்டரி இழுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கிறதா பாருங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறுவதை பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) தடுக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்காலத்தில் செல்கள் கெடும்.

கட்டிலுக்கு அடியில் தரைப்பலகையின் ஒரு மூலையை நெம்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஈரமும் பழுப்புக் கறையும் தெரிந்தால் தகட்டில் துரு ஆரம்பித்திருக்கலாம். பார்க்கவே விடமாட்டேன் என்றால், வேறு வண்டி தேடுங்கள்.