தோட்டத்தில் சிகிச்சை தரும் வேலை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எழுதி முடித்திருக்கிறாள். நர்சிங் சேர் என்றால் கேட்கவில்லை. செடி கொடிகளை வைத்து முதியவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் சிகிச்சை தரும் 'ஹார்ட்டிகல்ச்சர் தெரபி' படிக்கப் போகிறாளாம். "செடி நடுவதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளமா?" என்று அவள் அப்பா கோபப்படுகிறார். அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா?

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியாவில் 'ஹார்ட்டிகல்ச்சர் தெரபிஸ்ட்' என்ற பெயரில் பதிவு செய்து தரும் கவுன்சில் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளில் அந்தப் பெயரில் பணியிடம் தேடினால் ஏமாந்து போவீர்கள். அமெரிக்காவில்கூட இதற்கு ஒரு தொழில் சங்கம்தான் பதிவு தருகிறது, மாநில அரசுகள் தருவதில்லை. பிரிட்டனில் ஒருவர் தன்னை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (நோயாளிகளை அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி பதிவு வேண்டும்; தோட்டச் சிகிச்சையாளர் என்ற பெயருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே உங்கள் மகள் சட்டம் அங்கீகரித்த ஒரு தொழிலில் முதலில் பட்டம் வாங்கட்டும். தோட்டத்தை அதன்மேல் ஏற்றிக்கொள்ளட்டும். என் ஆலோசனை இவ்வளவுதான். எந்தத் தொழில் என்பதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அதற்கு முன் அவள் அப்பா கேட்டதில் மீதிப் பாதி. செடி நடுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, உண்மைதான். பக்கவாதம் வந்து வலது கையில் பலம் குறைந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு விரல்களைக் குவித்து ஒரு பொருளை எடுக்கும் பிடி திரும்ப வர வேண்டும். முதல் வாரம் அவர் முன் பூசணி விதையும் அவரை விதையும் வைப்பார்கள். பெரியவை, கைக்கு அகப்படும். அது பழகியதும் வெண்டை விதை. பிறகு வெந்தயம். முளைக்கீரை விதைக்கு வரும்போது, நம் வீடுகளில் செய்வதுபோலவே மணலோடு கலந்து, சிட்டிகை சிட்டிகையாகத் தூவச் சொல்வார்கள். விதையின் அளவு குறையக் குறையப் பயிற்சி கடினமாகிக்கொண்டே போகிறது. நடுவில் வெந்தயத்தைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும், அடுத்த முறை அவர் வரும்போது காட்ட ஏதாவது இருக்கும். எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை விதையைக் கீழே சிந்தாமல் போட்டார், இடது கையின் உதவியை எப்போது நாடினார் என்பதெல்லாம் நோட்டில் ஏறும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவை எடுப்பார். கீரை நன்றாக வந்ததா என்பது அந்த நோட்டில் இருக்காது.

மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டு வருபவருக்கு இலக்கே வேறு. யாரோடும் பேசாதவராக இருந்தால், ஒருவர் குழாயைத் திறக்க மற்றவர் பாத்தியில் தண்ணீர் கட்டும் வேலையை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். "போதும், மூடு" என்ற இரண்டு வார்த்தை அன்றைக்கு வாயில் வந்தால் அதுவே பலன்.

இதில் ஆபத்தும் உண்டு, ஆர்வத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கக்கூடாது என்பதும் அதனால்தான். மனநோய்க்குக் குளோர்ப்ரோமசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயில் பட்டால் தோல் வெந்து போகலாம். லித்தியம் எடுப்பவருக்கு வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு மண்ணில் இறங்கக்கூடாது. மன வளர்ச்சி குன்றிய சில பிள்ளைகள் மண்ணையும் இலையையும் வாயில் போட்டுக்கொள்வார்கள். அங்கே அரளியும் ஊமத்தையும் எருக்கும் இருக்கவே கூடாது. இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. பெஞ்சமின் ரஷ் என்ற ஃபிலடெல்ஃபியா மருத்துவர், மனநோயாளிகளில் தோட்ட வேலை செய்தவர்கள் தேறி வருவதைப் பற்றி 1812இலேயே எழுதியிருக்கிறார். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் மெனிங்கர் என்ற மனநல நிறுவனத்தோடு சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் இதைப் பாடத்திட்டமாக்கியது. இன்று அமெரிக்கத் தோட்டக்கலைச் சிகிச்சைச் சங்கமாக இருக்கும் அமைப்பு 1973இல் தொடங்கியது. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று உங்கள் மகள் இணையத்தில் தேடியிருப்பாள். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் யாரும் மண்ணைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இதைக் காட்டித் தோட்ட வேலைக்கு ஆதாரம் பேசுபவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இந்தக் கேள்விக்கு நெருக்கமானது சிங்கப்பூரில் முதியவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு. 59 பேர், குலுக்கல் முறையில் இரண்டு குழு. தோட்டக் குழுவில் இருந்தவர்களுக்கு அழற்சியைக் காட்டும் ஒரு ரத்தக் குறியீடு குறைந்தது, மற்றவர்களோடு இணைந்திருக்கும் உணர்வும் கூடியது. 59 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதையும் மறந்துவிடக்கூடாது. 'மருந்தே வேண்டாம், தோட்டமே போதும்' என்று யாராவது சொன்னால் அவரிடம் படிக்க வேண்டாம்.

எந்தத் தொழில் என்பதற்கு வருகிறேன். என் முதல் தேர்வு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது பி.ஓ.டி. வேலூர் சி.எம்.சி.யிலும் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் தொழில் இது. நான் மேலே சொன்ன விதைப் பயிற்சி முழுக்க இவர்களுடைய களம்தான்: கையை அளப்பது, வேலையைப் படிப்படியாகக் கடினமாக்குவது, குறிப்பெழுதுவது. தோட்டமே இல்லாத மருத்துவமனையிலும் இந்தப் பட்டத்துக்கு வேலை உண்டு. அப்பாவின் கவலை இதிலேயே பாதி தீர்ந்துவிடும். சேர்க்கை விதிகள் இப்போது மாறிக்கொண்டே வருகின்றன; பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வருடம் முன்பு சேர்ந்த கதையை நம்பாமல் இந்த ஆண்டு அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது தோட்டக்கலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஹானர்ஸ் தோட்டக்கலை, நான்கு ஆண்டு. கோவையில் இருக்கிறது, திருச்சியில் மகளிருக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கமாகப் பெரியகுளம் இருக்கிறது. இதில் அரசு வேலைக்கான கதவுகள் அதிகம்: தோட்டக்கலை அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு. ஆனால் நோயாளியைக் கையாள இந்தப் படிப்பு சொல்லித்தராது. அதற்கு மேற்படிப்பாக எம்.எஸ்.டபிள்யூ.வில், அதாவது சமூகப் பணி முதுகலையில், மருத்துவ, மனநலப் பிரிவை எடுக்கலாம். சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இதற்குப் பெயர் பெற்றது. மனநலச் சமூகப் பணியாளர்களும் அந்த 2021 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள். ஆக ஆறு வருடம், இரண்டு பட்டம். சிறப்புக் கல்வியில் நாட்டம் இருந்தால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தையும் பார்த்து வையுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்குவதை இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். அமெரிக்கச் சங்கத்தின் பதிவுக்கு ஒரு பட்டம், தாவரவியலிலும் மனித அறிவியலிலும் தோட்டச் சிகிச்சையிலும் குறிப்பிட்ட பாடங்கள், பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் 480 மணி நேரப் பயிற்சி எல்லாம் தேவை. பட்டம் முடித்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம். வார இறுதி வகுப்பில் உட்கார வைத்து 'சர்டிஃபைட் தெரபிஸ்ட்' என்று தாள் அடித்துத் தருபவர்களும் உண்டு. ஆசைக்குப் போய்வரலாம், அதை நம்பி ஒரு வருடத்தை வீணாக்கக்கூடாது.

"வேலை எங்கே கிடைக்கும்?" என்று அடுத்து கேட்பீர்கள். இந்தத் துறை மருத்துவமனைகளுக்கு உள்ளே வளர்ந்ததைவிட ஊராரோடு சேர்ந்து வளர்ந்ததுதான் அதிகம். லண்டனில் பேட்டர்சி பூங்காவுக்குள்ளேயே த்ரைவ் என்ற தொண்டு நிறுவனம் சிகிச்சைத் தோட்டங்களை நடத்துகிறது. அது தொடங்கியது 1979இல். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹோர்ட்பார்க்கில் ஒரு சிகிச்சைத் தோட்டம் திறந்தது, 2030க்குள் இப்படி 30 என்று இலக்கும் வைத்தது. அதற்கு முன்பே, 2005 முதல், குடியிருப்புவாசிகள் சேர்ந்து தோட்டம் போடும் இயக்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பண்ணைகள் மறதி நோயாளிகளையும் மற்றவர்களையும் பகலில் வைத்துப் பராமரித்து அதற்குக் கட்டணம் பெறுகின்றன. தென் கொரியா இதற்கென்று 2020இல் தனிச் சட்டமே போட்டுவிட்டது.

நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல நிறுவனத்தின் மறுவாழ்வுப் பிரிவில் தோட்ட வேலையும் ஒரு பயிற்சி. சிறப்புப் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், மனநல மறுவாழ்வு இல்லங்கள் பலவற்றில் தோட்டம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த ஆள்தான் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயிலிருந்து மீண்டவர்களுக்கு ஊருக்குள்ளேயே வாழும் உரிமை உண்டு என்கிறது. அப்படி வெளியே வருகிறவர்களுக்குப் பகலில் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் வேண்டுமே. தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் பட்டம் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

புதுமை என்றால் இயந்திரம், செயலி என்று மகள் நினைத்திருந்தால் அதையும் திருத்துங்கள். களைக்கொத்தின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால் மூட்டுவாதக் கை அதைப் பிடிக்கும். மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு நிரப்பினால் பை எடை குறையும், பலமில்லாதவரும் நகர்த்தலாம். மேடைப் பாத்திக்கு அடியில் ஏறத்தாழ 70 செ.மீ. உயர இடைவெளி விட்டால் சக்கர நாற்காலி உள்ளே நுழையும். ஒரு பக்கமிருந்து மட்டும் கை எட்டுமென்றால் பாத்தியின் அகலம் 60 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மாடித்தோட்டக் குழுக்களிலும் விதைப் பரிமாற்றக் கூட்டங்களிலும் இருப்பவர்கள் இதையெல்லாம் ஒரு மாலையில் செய்து கொடுத்துவிடுவார்கள். உங்கள் மகள் அவர்களோடு இப்போதே பழகட்டும்.

கல்லூரி திறக்கும்வரை வாரம் இரண்டு நாள் ஏதாவதொரு சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ தன்னார்வலராக அவளை அனுப்புங்கள். அனுமதி கேட்டுப் போகட்டும், அங்குள்ளவர்களைப் படம் எடுத்துப் போடக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். பக்கமெல்லாம் பூச்சியும் உரமும் தொட்டியுமாக இருந்தால் பெரியகுளம். "அந்தத் தாத்தா இன்றைக்கு இடது கையைப் பயன்படுத்தவில்லை" என்ற மாதிரி வரிகள் நிறைந்திருந்தால் பி.ஓ.டி. விண்ணப்பத்தை மட்டும் அதுவரை தள்ளிப் போடாமல் இரண்டுக்கும் இப்போதே போட்டு வையுங்கள், கடைசி தேதி நோட்டுக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் அவள் அப்பாவையும் கூட அனுப்புங்கள். அந்த இல்லங்களில் நார்க்கழிவு மூட்டை இறக்க எப்போதும் ஆள் குறைவு.