கார் டிசைன் முடிவதற்கு முன்பே சப்ளையரை ஏன் அழைக்க வேண்டும்?

டிராயிங்கை முடித்துவிட்டு நாலு பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் விலை குறையுமே, ஆரம்பத்திலேயே சப்ளையர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சப்ளையர் பக்கம் பிளாஸ்டிக் பாகங்களில் வேலை செய்பவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கதவின் உள்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் பேனலான டிரிம்மை எடுத்துக்கொள்ளுங்கள். பேனலின் கனம் 2.5 மி.மீ. என்றால் பின்னால் பலத்துக்காக வரும் ரிப் (விலா மாதிரியான பட்டை) சுமார் 1.5 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. தடித்தால் முன்பக்கம் லேசாகக் குழி விழும். சிங்க் மார்க் என்போம். தோல் மாதிரி டெக்ஸ்சர் கேட்டால், அது எவ்வளவு ஆழமோ அதற்கேற்ப டிராஃப்ட் கோணமும் (பாகம் எளிதாகக் கழன்று வர அதன் சுவரில் வைக்கும் சரிவு) கூட வேண்டும். இல்லாவிட்டால் மோல்டிலிருந்து, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சிலிருந்து, வெளியே வரும்போதே பாகம் உரசிக் கீறிவிடும். ஸ்டைலிங் முடிவான பிறகு இதைச் சொல்லி என்ன பயன்? கோணத்தை மாற்றினால் பக்கத்துப் பாகமும் மாறும்.

மோல்டு வெட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசம். பாகத்தில் கனத்தைக் கூட்ட எஃகை இன்னும் கொஞ்சம் வெட்டினால் போதும். குறைக்க வேண்டுமானால் வெல்டு வைத்து நிரப்பி, மறுபடி மெஷினில் ஓட்டி, டெக்ஸ்சரும் புதிதாகப் போட வேண்டும். கொட்டேஷனில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதிலேயே போய்விடும்.

டொயோட்டாவில் சப்ளையர்களின் இன்ஜினியர்கள் டொயோட்டா அலுவலகத்திலேயே உட்கார்ந்து டிசைன் செய்வது பழைய வழக்கம். பல பாகங்களுக்கு டொயோட்டா தேவையை மட்டும் சொல்லும். டிராயிங்கை சப்ளையர் போட்டு ஒப்புதல் வாங்குவார். அமெரிக்காவில் கிறைஸ்லர் 1993 மாடலாக வந்த எல்எச் என்ற கார் வரிசைக்கு சப்ளையர்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, இலக்கு விலையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கியது. செலவைக் குறைக்கும் யோசனை தந்தால் மிச்சத்தில் சப்ளையருக்கும் பங்கு கொடுத்தது.

அந்தப் பங்கு மிக முக்கியம் என்பேன். சப்ளையரின் யோசனையை வாங்கிக்கொண்டு, அதே டிராயிங்கை அவருடைய போட்டியாளருக்கு அனுப்பி விலை கேட்கும் பர்ச்சேஸ் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த மீட்டிங்கில் அவர் எதற்கு வாயைத் திறப்பார்?

எல்லாப் பாகத்துக்கும் இது வேண்டியதில்லை. போல்ட், வாஷருக்கு கேட்லாக் போதும். சீட், ஹெட்லேம்ப், வயர் ஹார்னஸ் (காரின் மின்கம்பிக் கட்டு), பெரிய மோல்டிங் இவற்றுக்குத்தான் முன்கூட்டியே அழைக்க வேண்டும். அழைக்கும்போதே இலக்கு விலை என்ன, யோசனை யாருக்குச் சொந்தம், புராஜெக்ட் பாதியில் நின்றால் அதுவரை ஆன டிசைன் செலவு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.